ட்ரவுட் தேடி மலையேறும் யாழ்ப்பாணத்துத் தூண்டில்காரருக்கு

பண்ணைப் பாலத்திலும் அராலியிலும் தொண்டைமானாற்றுத் தடுப்பணையிலும் பின்னேரங்களில் தூண்டில் போடும் அன்பர்களுக்கும், விடுமுறைக்கு வந்திறங்கும் அவர்களுடைய நோர்வே, கனடா, சுவிஸ் மச்சான்மாருக்கும்,



ஒரு வானை வாடகைக்குப் பிடிப்பது, ஏ9 வீதியால் கண்டிக்குப் போவது, அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏறி ட்ரவுட் மீன் கிடக்கும் புது ஆறுகளைத் தேடி, பூச்சி போலக் கட்டிய கொக்கியை வீசும் ஃபிளைத் தூண்டில் போடுவது. நண்பர் வட்டங்களில் இப்படியான திட்டங்கள் இப்போது அடிக்கடி பேசப்படுகின்றன. தடி எத்தனை அடி, நூல் எந்த எண், எந்த ஃபிளை எடுபடும் என்று வெளிநாட்டு மச்சான் பட்டியல் போடுகிறார். வானுக்குச் சொல்லியாகிவிட்டது. எந்த ஓடையில் தூண்டில் போட யாரிடம் அனுமதி கேட்பது என்ற கேள்வி மட்டும் பட்டியலின் கடைசியில் நிற்கிறது, அல்லது பட்டியலிலேயே இல்லை. அந்தக் கேள்வியை முதலாவது இடத்துக்குக் கொண்டுவரச் சொல்வதே இம்மடலின் நோக்கம்.

ஆசை எங்கிருந்து வருகிறது என்பது விளங்குகிறது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்த மழை ஓடத் தொடங்குமுன் கீழே இறங்கிவிடுகிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்த நிலத்தடி நீர் வெளியே தலைகாட்டும் இடங்கள். ஆறென்று காட்ட வலிகாமத்தில் வழுக்கையாறு உண்டு. கார்த்திகை, மார்கழி மழைக்கு நிறைந்து, வயல்களுக்குள்ளால் போய் அராலிப் பக்கம் பரவைக்கடலில் சேரும் அது, வெயில் ஏறியதும் காய்ந்து கிடக்கும். கிணற்று நீரிலும் உப்பு நீரிலும் வளர்ந்த ஒருவருக்குக் கல்லுக்குக் கல் தாவி ஓடும் குளிர்ந்த ஓடையைக் கண்டால் உள்ளே இறங்கத்தான் தோன்றும்.

அந்த ஓடைக்குள் இருக்கும் மீன் மலையகத்தின் சொந்த மீனல்ல. வானவில் ட்ரவுட்டின் பூர்வீகம் பசிபிக் கடலின் வடகரைகள்: வட அமெரிக்காவின் மேற்குக் கரையும் கிழக்கு ரஷ்யாவின் கம்சட்காவும். பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. 1880களில் பிரித்தானியர் முதலில் பழுப்பு ட்ரவுட் முட்டைகளையும் பின்னர் வானவில் ட்ரவுட் முட்டைகளையும் கப்பலில் வரவழைத்து நுவரெலியாவைச் சுற்றிய நீர்நிலைகளில் விட்டார்கள். பழுப்பு ட்ரவுட் இங்கே நிலைக்கவில்லை. வானவில் ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் தானாகவே முட்டையிட்டுப் பெருகியது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் என்ற சங்கமே தோன்றியது. பொரிப்பகம், குஞ்சு விடுதல், அனுமதிச்சீட்டு எல்லாம் தோட்டத்துரைமாரின் பொழுதுபோக்கைச் சுற்றி ஒழுங்காக நடந்தன.

இது இலங்கையில் மட்டும் நடந்த கதையல்ல. 1864இல் 'நோர்போக்' என்ற கப்பல் பனிக்கட்டிக்கும் பாசிக்கும் நடுவே வைத்த மீன் முட்டைகளைத் தஸ்மேனியாவுக்கென்று இங்கிலாந்திலிருந்து கொண்டுபோனது. அங்கே பெருகிய பழுப்பு ட்ரவுட் பிறகு நியூசிலாந்துக்குப் போனது. காஷ்மீருக்கு 1899இல் அனுப்பிய முதல் தொகுதி முட்டைகள் வழியிலேயே அழிந்தன. அடுத்த ஆண்டுத் தொகுதி பிழைத்தது. நீலகிரியில் 1860களில் ஃபிரான்சிஸ் டே முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச்.சி. வில்சன் அதே மலையில் வானவில் ட்ரவுட்டை நிலைநிறுத்தினார். அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டப்பட்டது. வில்சனுக்கு மீன் கிடைத்த இடங்களில் இலங்கையும் ஒன்று. பேரரசின் அதிகாரிகள் எங்கே வெயிலுக்கு ஒதுங்கினார்களோ அங்கெல்லாம் இந்த மீனும் போனது. ஆகவே 'புது ட்ரவுட் ஆறு' என்று நீங்கள் தேடுவது பெரும்பாலும் யாரோ ஒருவர் நூறு ஆண்டுக்கு முன் கணக்கெழுதி, குஞ்சு விட்டு, காசு வாங்கிய பழைய ஆறாகவே இருக்கும்.

இனி, வரைபடத்தில் எல்லாரும் முதலில் விரல் வைக்கும் இடத்துக்கு வருவோம்.

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் விரிந்திருக்கும் புல்வெளியும் மேகக்காடும். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த றொபேட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் அதற்கு. 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆனது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் இறங்குகிறது. பெலிகுல் ஓயா பேக்கர் நீர்வீழ்ச்சியாக விழுவதும் இங்கேதான்.

இலங்கையின் ட்ரவுட் மீனுக்கு ஆக நல்ல வீடு இதுவே. இங்கே தூண்டில் போட முடியாது என்பதும் அதே அளவு உண்மை. 1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி தேசிய பூங்கா என்பது உயிரினங்களைப் பார்க்கும் இடம், பிடிக்கும் இடமல்ல. வாயிலில் நீங்கள் வாங்கும் நுழைவுச்சீட்டு பார்ப்பதற்கான சீட்டு. பிடித்துவிட்டு மறுபடி விட்டுவிடுவோம் என்ற சமாதானம் வனஜீவராசிகள் திணைக்களத்து அலுவலர் முன்னால் நிற்காது. வாயிலில் பொலித்தீன் உறையைக்கூடப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். தடியைக் காற்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போகலாம் என்று யோசிப்பவர் அன்றைய நாளை மற்றவர்களுக்கும் சேர்த்துக் கெடுப்பார்.

சட்டத்துக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் ஒரு சின்ன நன்னீர் இறால் வாழ்கிறது. கரிடினா சிங்கலென்சிஸ் என்பது அதன் அறிவியற் பெயர். உலகில் வேறு எங்கும் அது இருப்பதாகப் பதிவில்லை. ட்ரவுட் இறாலையும் பூச்சிக் குடம்பியையும் தவளைக் குஞ்சையும் தின்று வளரும் மீன். தன்னைத் தின்ன இப்படியொரு பெரிய மீன் வரும் என்று அந்த ஓடைகளின் சிற்றுயிர்கள் அறிந்திருக்கவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த, மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் வானவில் ட்ரவுட், பழுப்பு ட்ரவுட் இரண்டும் இருக்கின்றன. அப்படியானால் அதைப் பிடித்தாலென்ன என்று கேட்கத் தோன்றும். பூங்காவுக்குள் அதை அகற்றுவதா, எப்படி அகற்றுவது என்று முடிவெடுப்பது திணைக்களத்தின் வேலை. பத்துப் பேர் சப்பாத்தோடு ஓடைக்குள் இறங்கிக் கல்லைப் புரட்டினால் முதலில் நசிவது அந்த இறால்தான்.

ஆகவே ஹோர்ட்டன் சமவெளிக்குப் போங்கள். தடி வாகனத்துக்குள் கிடக்கட்டும். விடியற்காலையில் பட்டிப்பொலைப் பக்கமாகப் போனால் வழியிலேயே நாட்டின் ஆக உயரமான ரயில் நிலையத்தைக் காணலாம். ஏறத்தாழ 1,892 மீற்றர். சமவெளியின் விளிம்பிலுள்ள 'உலக முடிவு' என்ற இடத்தில் கீழே 800 மீற்றருக்கு மேல் வெறும் பள்ளம். முற்பகலுக்குள் முகில் வந்து அதை மூடிவிடும். திரும்பும் வழியில் ஓடைப் பாலத்தில் நின்று, வெளிச்சத் தெறிப்பை வெட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், நீரோட்டத்துக்கு எதிரே தலைவைத்து அசையாமல் நிற்கும் மீன் ஒன்று தெரியலாம். ஃபிளைத் தூண்டில் பழக வந்தவருக்கு அந்தப் பார்வையே பாதிப் பாடம்.

பூங்காவுக்கு வெளியே உள்ள ஓடைகளில் பெரும்பாலானவை தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் அல்லது அரச காடுகளுக்குள்ளால் ஓடுகின்றன. தோட்டமென்றால் தோட்ட முகாமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். காடென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம். நீர்த்தேக்கம், குளமென்றால் அதற்குப் பொறுப்பான அதிகார சபையும், தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் மாவட்ட அலுவலகமும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாகக் கடிதம் போடுங்கள். பதில் வந்த இடங்களை மட்டும் வரைபடத்தில் குறியுங்கள். பதில் வராத இடம் அனுமதி இல்லாத இடம். "ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்" என்று யாரேனும் சொன்னால், அவர் உங்களோடு வானில் வரப்போகிறவரா என்று கேட்டுப் பாருங்கள்.

காலம் பற்றியும் ஒரு சொல். குடாநாட்டுக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வந்து போய்விடும். நுவரெலியாவுக்கு அந்த மழையும் உண்டு, வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையும் உண்டு. வெளிநாட்டு உறவினர் வரும் ஆடி, ஆவணியில் மலை ஓடைகள் கலங்கிப் பெருகி நிற்கும். அந்த நீரில் ஃபிளை மீனின் கண்ணுக்குப் படாது. சித்திரையில் நீர் தெளிந்திருந்தாலும் 'வசந்த காலம்' என்று நாடே நுவரெலியாவில் நிற்கும். அறை கிடைக்காது, வீதியில் வாகனம் நகராது. மாசியும் பங்குனியும் நல்லவை. மாசியில் ஹோர்ட்டன் சமவெளிப் புல்லில் உறைபனி விழும் நாள்களும் உண்டு. நல்லூர்த் திருவிழாவுக்குக் கட்டும் வேட்டி சால்வையோடு போய்விட வேண்டாம்.

பாதை ஏ9தான். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி ஏறத்தாழ 320 கிலோமீற்றர். பேராதனையில் திரும்பி ஏ5 வீதியால் கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு இன்னும் 80 கிலோமீற்றர் அளவில். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் எந்தச் சாரதியும் போகமாட்டார் என்பதால் அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். 2006 ஆவணியில் முகமாலையில் மூடப்பட்ட அந்த வீதி போர் முடிந்த பின்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு 'வானில் ஏறி நுவரெலியா' என்பதே புதுச் சங்கதி. 2025 கார்த்திகையில் அடித்த டித்வா புயலின் மண்சரிவுகள் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் உயிர்களையும் வீடுகளையும் வீதிகளையும் அள்ளிக்கொண்டு போயின. எனவே பழைய வரைபடத்தை நம்பாமல், றம்பொடைப் பக்கம் வீதி எப்படி என்று புறப்படும் கிழமையில் விசாரியுங்கள். மண் சரிந்த சரிவுகளுக்குக் கீழே ஓடும் ஓடையில் இறங்கவே வேண்டாம்.

அந்தப் பாதைக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நோயிலும் பசியிலும் வழியிலேயே இறந்தார்கள். 200 ஆண்டு நிறைவை ஒட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்களின் வழித்தோன்றல்கள் நினைவு நடைபயணம் போனார்கள். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு உங்கள் வான் இரைந்துகொண்டு போகும் வீதி அவர்கள் நடந்த பக்கம்தான். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையிலிருந்து ஓடிவந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள். ட்ரவுட் ஓடைக்கு வழி சொல்லப்போகிறவர் பெரும்பாலும் மலையில் தங்கிய அந்தக் குடும்பங்களில் ஒருவராக இருப்பார். உங்கள் மொழியே பேசுவார். "ஐயா, இந்த ஓடைக்கு எப்பிடிப் போறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் இன்னும் சில வீடுகளில் மலையகத் தமிழரைக் குறித்துப் புழங்கும் இழிந்த பேச்சை ஆனையிறவுக்கு இப்பாலேயே கைவிட்டுவிட்டுப் போங்கள். அங்கே மட்டுமல்ல, திரும்பி வந்தபின்னும் அது தேவையில்லை. ஊர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிப்போனால் அன்றைக்கு அவருக்குக் கிடைக்கவிருந்த நாட்சம்பளத்துக்கு மேலாகவே கொடுங்கள்.

அனுமதி கிடைத்து, நீரும் தெளிந்திருந்தால், தடியை எடுக்கலாம். பண்ணையில் தூண்டில் எறியும்போது பறப்பது ஈயக்குண்டு; தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃபிளைத் தூண்டிலில் குண்டு இல்லை. கொக்கியில் கட்டியிருப்பது கொஞ்ச இறகும் மயிரும் நூலும்; அதற்கு நிறையென்று சொல்ல ஒன்றுமில்லை. அங்கே எறியப்படுவது தடித்த நூலின் நிறைதான். தடியைத் தோளுக்குப் பின்னால் உயர்த்தி நிறுத்த வேண்டும். நூல் முழுதும் பின்னே நீண்டு நேராகும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். பிறகுதான் முன்னே தள்ள வேண்டும். பொறுமையில்லாதவரின் நூல் காற்றில் சொடுக்கி, நுனியிலிருந்த ஃபிளை அறுந்துபோகும். பின்னால் தேயிலைச் செடியோ மரக்கிளையோ இருந்தால் இந்த முறை சரிவராது. நூலை நீரின் மேலேயே உருட்டி முன்னே விடும் வேறொரு வீச்சைப் பழக வேண்டும். இரண்டையும் முற்றவெளியில் ஃபிளை இல்லாமல் ஒரு மாதம் பழகிவிட்டுப் போனால் ஓடையில் மானம் கப்பலேறாது.

மீன் நீரோட்டத்துக்கு எதிரே பார்த்து நிற்பதால் அதன் பின்பக்கமாக, அதாவது ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே நடக்க வேண்டும். ஃபிளை மேலே விழுந்து, நீரின் வேகத்திலேயே, இழுபடாமல் மீனிடம் மிதந்து வரவேண்டும். நூல் இழுத்து ஃபிளை குறுக்கே கோடு கிழித்தால் ட்ரவுட் அதைத் திரும்பியும் பாராது.

கையோடு ஒரு நீர் வெப்பமானி கொண்டுபோங்கள். ட்ரவுட் குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த நீருக்கான மீன். நீர் 20 பாகை செல்சியசைத் தாண்டினால் பிடிபட்டுப் போராடிய மீன் விட்டபின்னும் சாகக்கூடும். அன்று தடியைச் சுருட்டிவிடுங்கள். முள் நசித்த கொக்கி, நனைத்த கை, மீனை நீருக்கு வெளியே எடுக்காத படம், இவை மூன்றும் கட்டாயம். கூழாங்கற்கள் துப்புரவாகக் கிளறிக் கிடக்கும் இடம் முட்டையிட்ட இடமாக இருக்கலாம், மிதிக்காதீர்கள்.

நோர்வே மச்சான்மாருக்குத் தனியாக ஒன்று. 1980களில் நம்மவர் பலர் வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் மீன் வெட்டி வாழ்வைத் தொடங்கினார்கள். அதற்கும் முன், 1967இல், நோர்வே உதவியோடு காரைநகரில் சீநோர் என்ற மீன்பிடி நிறுவனம் தொடங்கியது. இரு நாட்டு உறவிலும் மீன் மணக்கிறது. அந்த நோர்வேயில் 1970களில் வெளியிலிருந்து வந்த மீன் குஞ்சுகளோடு கைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்ற ஒட்டுண்ணி நுழைந்து, பல ஆறுகளின் சல்மன் மீனை அழித்தது. அதை ஒழிக்க முழு ஆறுகளுக்கே நஞ்சிட வேண்டி வந்தது. தொற்றுள்ள ஆற்றில் நனைந்த சப்பாத்தையும் வலையையும் கிருமி நீக்காமல் இன்னோர் ஆற்றில் இறக்க அங்கே விடமாட்டார்கள். அதே ஒழுங்கை இங்கேயும் கடைப்பிடியுங்கள். கொண்டுவரும் சாமான்களை வெந்நீரில் கழுவி, முற்றாக வெயிலில் காயவைத்த பின்பே கட்டுநாயக்கவுக்கு எடுத்து வாருங்கள். ஓடைக்கும் ஓடைக்கும் இடையிலும் அப்படியே.

கடைசியாக, உங்கள் வீட்டு வாசல் பற்றி. ஃபிளைத் தூண்டில் ட்ரவுட்டுக்கு மட்டும் உரியதென்று யாரும் எழுதி வைக்கவில்லை. உலகமெங்கும் கடலோரத் தாழ்நீரில் பாரைக்கும் கட்டாவுக்கும் கொடுவாவுக்கும் இதே தடியின் தடித்த வகையால் வீசுகிறார்கள். யாழ்ப்பாணப் பரவைக்கடல் பல இடங்களில் இடுப்பளவுதான். கடற்புல்லும் கண்டலும் இறாலும் நிறைந்தது. பண்ணை, சங்குப்பிட்டிப் பாலங்களின் கண்களுக்குள்ளால் வற்றும் பெருக்கும் மாறும்போது நீர் ஓடும் வேகத்தைப் பாருங்கள். ஆறில்லாத ஊரில் ஓடும் நீர் அது. இறால் போலக் கட்டிய ஃபிளையை அந்த ஓட்டத்தில் இறக்கினால் கொடுவா விடுமா? மலை ஓடைக்கான நான்காம் எண் தடி அங்கே உடையும். எட்டாம் எண் வேண்டும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு சுருளியைத் தின்றுவிடும். சிறகுவலைக் கம்புகளுக்கும் நண்டு வலைகளுக்கும் கிட்டப் போகாதீர்கள். அவை ஒரு குடும்பத்தின் அன்றைய உலை. எங்கே நிற்கலாம் என்று அந்தந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு சொல் கேட்டுவிட்டு நில்லுங்கள். புது நீர் தேடுபவருக்கு வடமராட்சியிலிருந்து தீவகம் வரை ஃபிளை விழாத நீர் எவ்வளவோ கிடக்கிறது.

மலைக்குப் போக வேண்டாமென்று இம்மடல் சொல்லவில்லை. மாசி அல்லது பங்குனியில் போங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் கண்ணால் மட்டும் பாருங்கள். பதில் வந்த தோட்டங்களில் மட்டும் நூலை விடுங்கள். பிடித்த மீனை அந்த ஓடையிலேயே, பிடித்த இடத்திலேயே விடுங்கள். 'எங்கட பக்கத்துக் குளத்தில விட்டுப் பாப்பம்' என்று ஒரு குஞ்சைக்கூடப் போத்தலில் போட்டு வராதீர்கள். வானுக்கு முற்பணம் கட்டுமுன் அனுமதிக் கடிதங்களை எழுதுங்கள். இந்தக் கிழமையே தொடங்கினால் மாசிக்குப் போதிய நேரம் இருக்கிறது.

அன்புடன்,
குடாநாட்டிலிருந்து ஒரு தூண்டில்காரர்